மூணு மாசம் சொதப்பி, கடைசியா மீன் கடிச்ச பஸ்ஸர்

போன சனிக்கிழமை ரட்லண்ட் வாட்டர்ல, நார்மன்டன் கரையில, நான் என் கையால கட்டுன பஸ்ஸர்ங்கிற ஃப்ளைல மொத ட்ரவுட் மீன் மாட்டுச்சு. ரெண்டே கால் பவுண்டு எடை, ரெயின்போ ட்ரவுட். அதுக்கு முன்னாடி மூணு மாசம் ராத்திரி ராத்திரி உக்காந்து கட்டி, 70 பவுண்டுக்கு மேல செலவு பண்ணி, டைனிங் டேபிள்ல போகவே போகாத ஒரு ரெசின் (ஃப்ளை மேல பூசுற பிசின்) கறையும் போட்டு வச்சிருக்கேன். எங்க எங்க தப்பு பண்ணேன்னு மறக்குறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னுதான் இது.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ஃப்ளைன்னா தூண்டி முள்ளு மேல நூலு, கம்பி, இறகு எல்லாம் சுத்தி பூச்சி மாதிரி செய்யுறது. மண்புழு கிடையாது, தக்கை கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. ஊர்ல கம்மாயில மூங்கில் குச்சில நரம்பு கட்டி, மயிலிறகுத் தண்டைத் தக்கையா போட்டு கெண்டை பிடிச்ச எனக்கு இங்கிலாந்து வந்து மொத தடவை இதைப் பாத்தப்ப சிரிப்புதான் வந்துச்சு, இரையே இல்லாம எவன் மீன் பிடிப்பான்னு. ரட்லண்ட்ல ட்ரவுட்டுக்கு ஃப்ளை மட்டும்தான் போடணும், அதனால வேற வழியும் இல்ல. 1970கள்ல அணை கட்டி உண்டாக்குன குடிதண்ணி ஏரி அது, பரப்பளவுல இங்கிலாந்துலயே பெரிய நீர்த்தேக்கம், கிட்டத்தட்ட 3100 ஏக்கர். பாதி தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி ஒரு சர்ச் இருக்கும், ஃபோட்டோல பாத்திருப்பீங்க, அதுதான் நார்மன்டன்.

போன வருஷம் முழுக்க கடை ஃப்ளைதான். ஒண்ணு 1 பவுண்டுல இருந்து ஒன்றரை வரைக்கும். எனக்கு பின்னாடி இருக்குற புல்லு, முள்ளுச்செடி, ஒரு தடவை என் சொந்தத் தொப்பின்னு மாட்டி மாட்டி ஒரே நாள்ல 11 ஃப்ளை போயிடுச்சு. டே டிக்கெட் வேற 30 பவுண்டு கிட்ட. அன்னைக்கு வீட்டுக்கு வந்து கணக்கு போட்டுப் பாத்தப்பதான் நாமளே கட்டுனா என்னன்னு தோணுச்சு. ஆனா எதைக் கட்டுறதுன்னு முடிவு பண்ணது ஒரு பெரியவரால. எனக்கு 50 அடி தள்ளி நின்னவர் ஒரு மீன் பிடிச்சு, மண்டைல ஒரு தட்டு தட்டி, நீளமா ஒல்லியா இருக்குற ஒரு ஸ்பூனை அது தொண்டைக்குள்ள விட்டு திருப்பி எடுத்தாரு. மேரோ ஸ்பூன்னு சொல்றாங்க, எலும்புக்குள்ள மஜ்ஜை நோண்டித் திங்குறதுக்கு அந்தக் காலத்துல வச்சிருந்தது. அதுல வந்ததை ஒரு வெள்ளை டப்பா மூடியில தண்ணி ஊத்திக் கொட்டுனாரு. நெருங்கிப் பாத்தா கருஞ்சீரகம் கொட்டுன மாதிரி குவியலா இருந்துச்சு. தண்ணியில பிரிஞ்சதும் ஒவ்வொண்ணும் ஒரு கமா மாதிரி வளைஞ்சு, ஒல்லி வயிறு, அதுல வளையம் வளையமா கோடு, தலைப்பக்கம் மட்டும் ஒரு கூன், கூனுக்கு ரெண்டு பக்கமும் ஆரஞ்சு கலர்ல ஒரு கீத்து. ரெண்டு மூணு இன்னும் உசுரோட நெளிஞ்சுட்டு இருந்துச்சு.

அதுதான் பஸ்ஸர். கைரோனமிட்னு கொசு மாதிரியே இருக்குற, ஆனா கடிக்காத ஒரு பூச்சியோட கூட்டுப்புழு. பெரிய பூச்சியா ஆனதும் கூட்டமா பறந்து ரீங்காரம் போடும், அதான் பேரு. இதோட லார்வா என்னன்னு தெரிஞ்சப்ப எனக்கே ஆச்சரியம், சென்னையில இருந்தப்ப கொளத்தூர்ல என் ஃபைட்டர் மீனுக்கு ஐஸ் கட்டியா வாங்கிப் போட்ட பிளட் வார்ம் இந்த குடும்பம்தான். அடி மண்ணுல சிவப்பா கிடக்கும், கூட்டுப்புழுவா மாறுனதும் மெதுவா, ரொம்ப மெதுவா மேல ஏறி வந்து தண்ணி மட்டத்துல தோலை உரிச்சிட்டு பறந்துடும். ஏறி வர்ற அந்த நேரத்துலதான் ட்ரவுட் வாயைத் தொறந்துட்டு பொறுக்கும். மீன் வயித்தைக் கிழிச்சுப் பாத்து அதே மாதிரி கட்டுறதை இங்க ஏரிகள்ல பிளாக்டன்ங்கிற ஏரியில டாக்டர் பெல்னு ஒருத்தர் முதல் உலகப்போருக்கு அப்புறம் பண்ணி வழி காட்டுனாருன்னு சொல்லுவாங்க. சோமர்செட்ல ஊர் டாக்டரா இருந்தவரு. சரி, டாக்டரே பண்ணிருக்காரு, நமக்கென்னன்னு எறங்கிட்டேன்.

வாங்குனது: வைஸ் 24 பவுண்டு (முள்ளைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கி, பட்டறை வைஸோட குட்டித் தம்பி), நூல் உருளையை மாட்டுற பாபின் ஹோல்டர் 5, கூர்மையான சின்ன கத்தரி 7, கருப்பு நூல் 70 டெனியர் ரெண்டேகால், மெல்லிசு சில்வர் கம்பி 2, ஆரஞ்சு கலர் வாத்து பயாட் ஒரு பாக்கெட் 3, யூவி ரெசின் 13, அதைக் காய வைக்கிற யூவி டார்ச் 9. பயாட்னா இறக்கையோட முன் ஓரத்துல குட்டையா வெறப்பா இருக்குற இறகுக்கீத்து. முள்ளு மட்டும் பிசுனாறித்தனம் பண்ணிட்டேன், நல்ல கம்பெனி வளைஞ்ச முள்ளு 25க்கு 4 பவுண்டு, ஆன்லைன்ல பேர் தெரியாத முள்ளு 100க்கு 5 பவுண்டு. இதுக்கு என்ன தண்டனை கிடைச்சுதுன்னு பின்னாடி சொல்றேன்.

மொத வாரம் ஒண்ணுமே உருப்படியா வரல. முள்ளை வைஸ்ல மாட்டி நூலை இழுத்தா முள்ளு வழுக்கி கீழ சாயும், இன்னும் டைட் பண்ணா டிங்னு ஒரு சத்தம், முள்ளு கார்ப்பெட்ல எங்கயோ. பையன் வெறுங்கால்ல ஓடுற வீடு. டார்ச் அடிச்சு, ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்து கார்ப்பெட் மேல தடவி தடவித் தேடுனேன், அன்னையில இருந்து அந்த காந்தம் வைஸ் பக்கத்துலதான் இருக்கு. வழுக்குனதுக்கு காரணம் நான் முள்ளோட முனையைப் பிடிச்சதுதான், வளைவோட கீழ்ப்பாகத்தை தாடையோட முன்நுனியில பிடிச்சா அசையாது. அடுத்த பிரச்சனை நூல் அறுந்துக்கிட்டே இருந்துச்சு. நாலு சுத்துக்கு ஒரு தடவை பட்டுனு போகும். நூல்தான் சொத்தைன்னு நெனச்சு இன்னொண்ணு வாங்குனேன், அதுவும் அறுந்துச்சு. அப்புறம் ஒரு நாள் பாபின் ஹோல்டர் குழாயோட வாயில நகத்தை வச்சு சுத்துனேன், ஒரு இடத்துல பிசிறு தட்டுச்சு. உப்புத்தாளை (ரொம்ப நைஸ், 1000 நம்பர்) ஊசி மாதிரி சுருட்டி உள்ள விட்டு அஞ்சு நிமிஷம் தேச்சேன். அதுக்கப்புறம் நூல் அறுந்ததுன்னா அது என் கை முள்ளு முனையில உரசுனதா மட்டும்தான் இருக்கும்.

கட்டுறது கேக்க சுலபம். முள்ளோட கண்ணுக்கு (நரம்பு கோக்குற ஓட்டை) கொஞ்சம் கீழ நூலை ஆரம்பிச்சு, கம்பியை முள்ளோட முதுகு நெடுக படுக்க வச்சு, வளைவு பாதி வரைக்கும் நூலை சுத்திட்டுப் போயி, திரும்பி வந்து, கம்பியை ஆறு ஏழு சுத்து இடைவெளி விட்டு சுத்தி, ரெண்டு பயாட் கட்டி, கூன் வச்சு, பயாட்டை ரெண்டு பக்கமும் முன்னாடி மடிச்சு, முடிச்சு போட்டு, ரெசின். அவ்ளோதான். ஆனா என்னோடது வயிறு மேடு பள்ளமா பாகற்காய் மாதிரி இருந்துச்சு. காரணம் ரெண்டு. ஒண்ணு, கம்பியை வால்பக்கம் மட்டும் கட்டுனேன், அங்க ஒரு புடைப்பு. முழு நீளத்துக்கும் படுக்க வச்சு கட்டணும். ரெண்டாவது, சுத்தச் சுத்த நூல் முறுக்கேறி கயிறு மாதிரி உருண்டையாயிடுது, வலது கைக்காரங்களுக்கு பாபினைத் தொங்கவிட்டு மேல இருந்து பாக்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில ஒரு பதினஞ்சு இருபது சுத்து விட்டா முறுக்கு பிரிஞ்சு ரிப்பன் மாதிரி தட்டையா ஆகும், அதை வச்சு சுத்துனா வழுவழுன்னு வரும். இந்த ஒரு விஷயம் தெரியுறதுக்கு எனக்கு 30 முள்ளு ஆச்சு.

கடைசி முடிச்சுதான் உசுரை வாங்குச்சு. விப் ஃபினிஷ்னு ஒண்ணு, அதுக்குன்னு ஒரு கருவி இருக்கு, 6 பவுண்டு, வளைஞ்ச கம்பி ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு. வீடியோவுல ரெண்டு செகண்ட்ல முடிக்கிறான், எனக்கு அந்தக் கருவியே நூல்ல சிக்கி நிக்கும். ஒரு நாள் அம்மாவோட வீடியோ கால்ல பேசிட்டே கட்டிட்டு இருந்தேன், "என்னடா தம்பி, சின்ன வயசுல பேட்டுக்கு நூல் சுத்துவியே அது மாதிரி சுத்திட்டு இருக்க"ன்னாங்க. அட, அதேதான்! தெருவுல கிரிக்கெட் ஆடுறப்ப பேட் கைப்பிடியில சணல் நூல் சுத்துவோம், ஒரு துண்டு நூலை ரெண்டா மடிச்சு கைப்பிடி மேல படுக்க வச்சு, அது மேலயே பத்து சுத்து சுத்தி, மிச்ச நுனியை அந்த வளையத்துல நுழைச்சு, மடிச்ச நூலைப் பிடிச்சு ஒரே இழுப்பு, நுனி சுத்துக்குள்ள போயி பூட்டிக்கும். அதையே இங்க செஞ்சேன். நாலு இன்ச் நரம்பை மடிச்சு ஃப்ளையோட தலைமேல வச்சு, அது மேல அஞ்சு சுத்து, நூலை வெட்டி, வளையத்துல விட்டு, இழு. கருவி இன்னும் டிராயர்ல புதுசா இருக்கு, யாருக்காவது வேணும்னா தரேன்.

அடுத்தது ரெசின். பளபளன்னு இருக்கணும்னு மொத தடவையே தாராளமா ஒரு சொட்டு வச்சேன். அது வழிஞ்சு வயித்துக்குக் கீழ தொங்கி, அப்படியே காஞ்சு, ஆறு மாச கர்ப்பிணி பஸ்ஸர் ஆயிடுச்சு. மேல காஞ்ச மாதிரி இருந்தாலும் தொட்டா பிசுபிசுன்னு விரல்ல ஒட்டும், டப்பாவுல போட்டா எல்லா ஃப்ளையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கடலை மிட்டாய் மாதிரி கட்டி. டார்ச் பேட்டரி பாதி செத்திருந்தது ஒரு காரணம், ஒரே கனமான கோட் அடிச்சது இன்னொரு காரணம். இப்ப ஊசி முனையால தொட்டு தொட்டு மெல்லிசா ஒரு கோட், முள்ளை மெதுவா உருட்டிட்டே 15 செகண்ட் டார்ச், மறுபடி ஒரு கோட், மறுபடி 15 செகண்ட், கடைசியா சானிடைசர் தொட்ட துணியால ஒரு துடை. பிசுபிசுப்பு இல்ல. நல்ல வெயில் இருந்தா ஜன்னல்ல வச்சாலே காயும், ஆனா இந்த ஊர் ஏப்ரல் வெயிலை நம்பி வத்தல் கூட போட முடியாது. கையுறை போட்டுக்கோங்க, டார்ச்சை நேரா பாக்காதீங்க. நான் மொத வாரம் கையுறை போடாம விரல் நுனியெல்லாம் அரிச்சு தோல் உரிஞ்சுது, வீட்டுக்காரம்மா அதைப் பாத்துட்டு "அந்தக் கையால மாவு கரைக்க வராதீங்க"ன்னு சொல்லிட்டாங்க.

ஏப்ரல் நடுவுல 24 பஸ்ஸரோட கிளம்புனேன். அழகான டப்பா, வரிசையா. கரையில நின்னு நரம்பைக் கோக்கப் போனா கண்ணுல போகல! முள்ளோட கண்ணு முழுக்க ரெசின். தலைப்பக்கம் இடமே விடாம கடைசி வரைக்கும் நூல் சுத்தி, அது மேல ரெசினையும் வச்சிருக்கேன். குளிர்ல விரல் மரத்துப்போயி, இன்னொரு முள்ளு முனையால குத்திக் குத்தி ஆறு ஃப்ளையோட கண்ணைத் தொறந்தேன், ஒண்ணுல முனையே உடைஞ்சுது. அன்னைக்கு ஒரு கடி இல்ல. அடுத்த வாரமும் இல்ல. மூணாவது தடவை ஒரு நல்ல மீன், லைனை (ஃப்ளையை வீசுறதுக்கான தடிச்ச கயிறு, நரம்பு இதோட நுனியில) அப்படியே இழுத்துட்டுப் போச்சு, ராடு வளைஞ்சுது, பத்து செகண்ட், அப்புறம் ஒண்ணும் இல்ல. சுத்தி எடுத்துப் பாத்தா முள்ளு குண்டூசி மாதிரி நிமிந்து நிக்குது. 100 முள்ளு 5 பவுண்டுன்னு வாங்குன அதே முள்ளு. மிச்சத்தை அன்னைக்கே குப்பையில போட்டேன். மனசு கேக்கல, பத்தை மட்டும் நாள்காட்டி மாட்ட எடுத்து வச்சிருக்கேன்.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். மூணு நாள்ல ஒரே கடி, பக்கத்துல நின்னவங்களுக்கு அஞ்சு ஆறுன்னு மாட்டிட்டு இருந்துச்சு. ஒரு பக்கெட்ல தண்ணி பிடிச்சேன், ஆழம் 28 செமீ. என் பஸ்ஸரைப் போட்டேன், மிதக்குது! மூழ்க வேண்டிய பூச்சி மேலயே உக்காந்திருக்கு. கூனுக்கு நான் முயல் முடி வச்சு கட்டியிருந்தேன், பஞ்சு மாதிரி அழகா இருக்கும்னு. விரலால அழுத்துனப்புறம் தரையைத் தொட 11 செகண்ட். கடையில வாங்குனது ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, அதைப் போட்டேன், நாலு செகண்ட். வெர்னியர் வச்சு அளந்தா என்னோட வயிறு 3.1 எம்எம், கடையோடது 1.7. அந்தப் பெரியவர் மூடியில பாத்த நிஜப் பூச்சி தீக்குச்சியை விட ஒல்லி. நான் இத்தனை நாளா சேத்துக்கிட்டே இருந்திருக்கேன், நூல் மேல நூல், முடி, ரெசின்.

ரெண்டாவது செட் நல்ல கம்பெனி கனமான முள்ளு, 12ம் நம்பர், 10ம் நம்பர் ரெண்டும் (நம்பர் கம்மியானா முள்ளு பெருசு). முடி கிடையாது. கூன் கூட அதே கருப்பு நூல்தான். போகும்போது ஒரு அடுக்கு, வரும்போது ஒரு அடுக்கு, அதுக்கு மேல வயித்துல ஒரு சுத்து கூட கிடையாது. கண்ணுக்குப் பின்னாடி ரெண்டு எம்எம் வெறும் முள்ளு, அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன், கட்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்துல மார்க்கர்ல ஒரு புள்ளி, அதைத் தாண்டி நூல் போகக்கூடாது. ரெசின் வச்சதும் காய வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு துண்டு நரம்பைக் கண்ணுல விட்டு இழுத்துடணும். முடிச்சப்ப 1.9 எம்எம், பக்கெட்ல அஞ்சு செகண்ட். ஒண்ணு கட்ட மொதல்ல 25 நிமிஷம் ஆச்சு, இப்ப 7.

சனிக்கிழமைக்கு வர்றேன். மே மாசம், மேகமூட்டம், இடது பக்கம் இருந்து மிதமா காத்து. மிதக்குற லைன், அதுக்கு முன்னாடி 18 அடி ஃப்ளோரோகார்பன் நரம்பு, அதுல ஆறடிக்கு ஒண்ணா மூணு பஸ்ஸர், நுனியில கனமான 10ம் நம்பர். இதை வீசுறது தனி சர்க்கஸ், காலையில ஒரு தடவை மூணும் சிக்கி தூக்கணாங்குருவிக் கூடு ஆயி, வெட்டி எறிஞ்சுட்டு மறுபடி கட்டுனேன், 25 நிமிஷம் போச்சு. ஆனா இந்த தடவை ஒண்ணை மாத்துனேன். இழுக்கல. முன்னாடியெல்லாம் வீசுனதும் கை சும்மா இருக்காம சர்சர்னு இழுத்துட்டே இருப்பேன், மேல ஏறவே நாள் பூரா எடுத்துக்குற பூச்சி எங்கயாவது ராக்கெட் மாதிரி ஓடுமா? காத்துக்குக் குறுக்கால வீசி, 30 எண்ணி, லைன் காத்துல வில்லு மாதிரி வளைஞ்சு நகர விட்டு, தளர்வை மட்டும் விரல்ல எட்டு போட்ட மாதிரி சுருட்டிக்கிட்டே நின்னேன். நடுவுல ஒரு ஆஸ்ப்ரே (மீன் பிடிச்சுத் திங்குற பருந்து) மேல வட்டம் போட்டுட்டு தொபுக்கடீர்னு எறங்கி ஒரு மீனைத் தூக்கிட்டுப் போச்சு. 1996ல ஸ்காட்லாந்துல இருந்து குஞ்சா கொண்டு வந்து விட்ட பரம்பரை, 2001ல இருந்து இங்கயே குஞ்சு பொரிக்குது. அதுக்கு டிக்கெட்டும் கிடையாது, பஸ்ஸரும் கட்ட வேண்டாம்.

நாலு மணி தாண்டுனதும் லைன் நுனி ஒரு அரை அடி சறுக்குச்சு. கடின்னு கூட சொல்ல முடியாது, காத்து போகுற பக்கம் போகாம வேற பக்கம் போச்சு, அவ்ளோதான். ராடைத் தூக்குனேன், கனம். முள்ளு நிமிருமோ நிமிருமோன்னு பயந்துட்டே அஞ்சு நிமிஷம். வலைக்குள்ள வந்தப்புறம் பாத்தா மேல்தாடை ஓரத்துல நடு பஸ்ஸர். ஆறு மணிக்குள்ள இன்னொரு ரெயின்போ, அப்புறம் ஒன்றரை பவுண்டு பிரவுன் ட்ரவுட் ஒண்ணு, அதைத் திருப்பி விட்டுட்டேன். மூணுல ரெண்டு நடு ஃப்ளைல, ஒண்ணு நுனியில, மேல இருந்ததை எதுவும் சீண்டல.

வீட்டுல மீனைக் கழுவுறப்ப வயித்தைத் தொறந்து, வெள்ளைத் தட்டுல தண்ணி ஊத்தி, நிஜப் பூச்சிகளோட என்னோட ஃப்ளையையும் போட்டுப் பாத்தேன். அளவு கிட்டத்தட்ட சரி. ஆனா அன்னைக்கு மீன் தின்னதுல பாதிக்கு மேல கருப்பே இல்ல, பாசிப்பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவுல ஒரு கலர், வளையம் கூட வெள்ளியா மின்னல, மங்கலா இருக்கு. தலையில குட்டியா வெள்ளை முடிக்கத்தை, மூச்சு விடுறதுக்கு. என்னோடதுல அது இல்ல. ஆரஞ்சு கீத்து நான் வச்சதுல பாதி அகலம்தான்.

அதனால அடுத்த செட்டுக்கு ஆலிவ் கலர் நூல் ஆர்டர் போட்டாச்சு, ரெண்டேகால் பவுண்டு. வெள்ளி கம்பிக்கு பதில் மயில் தோகையில இருந்து ஒரு இழை எடுத்து, அதுல இருக்குற முடியை ரப்பரால தேச்சு எடுத்துட்டா தண்டுல இயற்கையாவே வெளுப்பும் கருப்புமா வரி இருக்கும், அதை வயித்துல சுத்திப் பாக்கப் போறேன். ஊர்ல பழனி அடிவாரத்துல கட்டு கட்டா விக்கிற தோகை, இங்க அஞ்சாறு துண்டு இருக்குற பாக்கெட் 3 பவுண்டு. பயாட்டைக் கத்தரியால நெடுக்க ரெண்டா கிழிக்க முடியுமான்னு நேத்து பாத்தேன், நாலுல ஒண்ணுதான் நேரா வருது. வெள்ளை முடிக்கு தங்கச்சியோட எம்ப்ராய்டரி நூல் வச்சேன், தண்ணி பட்டதும் சுருண்டு காணாம போயிடுச்சு. இப்ப வைஸ்ல 14ம் நம்பர் முள்ளு ஒண்ணு பாதியில நிக்குது, டார்ச் பேட்டரி மறுபடி செத்துருச்சு.